தொங்கட்டானை அறுக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் பத்துப் பதினைந்து வெள்ளாடுகள் வளர்க்கிறோம். சிலவற்றுக்குக் கழுத்தில் விரல் நீளத்தில் இரண்டு சதைகள் தொங்குகின்றன. நாங்கள் தொங்கட்டான் என்போம். இயற்கை எதையும் காரணமில்லாமல் படைக்காது, அது ஏதோ சுரப்பியாக இருக்கும் என்கிறார் அப்பா. வேண்டாத சதைதானே, குட்டியிலேயே நூல் கட்டி அறுத்துவிடு என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். யார் சொல்வது சரி?

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

அது சுரப்பி இல்லை. அதற்கென்று ஒரு வேலை இருப்பதாக இதுவரை யாரும் காட்டவில்லை. ஆனாலும் அறுக்காதீர்கள்.

பால் வராத இந்தக் கழுத்து முலையை நம் நாட்டில் வெகுகாலமாகவே கவனித்திருக்கிறார்கள். வீணான பிறவிக்கு அதைத்தான் உவமையாகச் சொல்கிறது சாணக்கிய நீதி. செம்மறியிலும் இது உண்டு. நம் கீழக்கரிசல் ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பார்க்கலாம். நியூசிலாந்தின் குனேகுனே பன்றிக்கும் தாடையில் இரண்டு தொங்கும்.

எப்படி வந்தது என்று கேட்டால் ஓரளவு பதில் இருக்கிறது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே பெரும்பாலும் குட்டிக்குத் தொங்கட்டான் வந்துவிடும். சுவிட்சர்லாந்து வெள்ளாடுகளை ஆராய்ந்தவர்கள் 2015இல் அதன் இடத்தை 10ஆம் குரோமோசோமில் கண்டார்கள். கருவில் கைகால் உருவாவதில் பங்குள்ள இரண்டு மரபணுக்கள் இருக்கும் பகுதி அது. உடலை வளர்க்கும் அதே ஏற்பாடு கழுத்திலும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அதனால் ஆட்டுக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் இல்லாததைக் கழித்துக்கட்ட இயற்கைக்கு அவசரமும் இல்லை. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்காக, ஆட்டின் உடம்பில் விசித்திரமாகத் தெரிவதெல்லாம் வீண் என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். கவர்னர் பதவியை ஆட்டுத் தாடியோடு சேர்த்து அண்ணா கேட்ட கேள்வி நம் எல்லோருக்கும் தெரியும். அரசியல் அப்படியே இருக்கட்டும், தாடி ஆட்டுக்கு உதவத்தான் செய்கிறது. இணை சேரும் காலத்தில் கிடா தலையைக் குனிந்து தன் தாடியிலும் முகத்திலும் முன்னங்கால்களிலும் தானே சிறுநீரைப் பீய்ச்சிக்கொள்ளும். பக்கத்தில் நிற்க முடியாத மொச்சை வாடை அடிக்குமே, அதில் கொம்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பிகளுக்கும் பங்கு உண்டு. தாடி அந்த வாடையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெட்டைகளை இழுப்பதும் அதுதான். தனியாக இருந்த பெட்டைகளிடம் கிடாவை விட்டால் சில நாட்களில் பருவத்துக்கு வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சேவலின் கொண்டையும் இந்தப் பக்கம்தான். கோழிக்கு வியர்க்காது, கொண்டையிலும் தாடையிலும் ஓடும் ரத்தத்தின் வழியே சூடு வெளியேறும். கனடாவில் அதே கொண்டை பனியில் உறைந்து கருகியதால், கொண்டை மிகச் சிறிதாக இருக்கும் சான்ட்டக்ளேர் என்ற இனத்தையே ஒரு கிறித்தவத் துறவி உருவாக்கினார். அப்புறம் ஜெர்மனியில் 1849இல் பெர்த்தோல்ட் என்ற ஆய்வாளர் செய்த சோதனை. விதையை எடுத்துவிட்ட இளஞ்சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை, கூவலும் சண்டையும் இல்லை. எடுத்த விதையை வயிற்றுக்குள் வைத்ததும் எல்லாம் வந்தன. ஹார்மோன் என்ற பெயரே இல்லாத காலத்தில், ரத்தத்தின் வழியே ஏதோ போகிறது என்று கொண்டையைப் பார்த்தே அவர் சொல்லிவிட்டார். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

சரி, உங்கள் தோட்டத்துக்காரர் விஷயம். தொங்கட்டான் வெறும் தோல் இல்லை. நடுவில் குருத்தெலும்பும், கூடவே ரத்தக் குழாயும் நரம்பும் உண்டு. நூலை இறுக்கினால் குட்டிக்கு வலிக்கும். ஈரக் காலத்தில் ஈ மொய்த்துப் புழுவும் வைக்கும். எந்த லாபமும் இல்லாமல் ஒரு குட்டிக்கு ஏன் இந்த வேதனை? வேறு குட்டிகள் அதைப் பிடித்துச் சப்பிப் புண்ணாக்கினால் மட்டும் கொஞ்ச நாள் பிரித்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. சில குட்டிகளுக்குத் தொங்கட்டான் முளைக்கும் இடத்தில் உருண்டையாக, மெத்தென்று வீக்கம் இருக்கும். சீழ்க்கட்டி என்று நினைத்து ஊசியால் குத்திவிடாதீர்கள். பிறவியிலேயே வரும் நீர்க்கட்டியாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.