எடுத்து வைத்தது திரும்பி வருமா? – வாசகர் கேள்வி பதில்

பேக்கப் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு எதையும் தொடவில்லை. எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிவிட்டேன். டைம்ஷிஃப்ட் தினமும் ஓடுகிறது. போட்டோக்கள், கணக்கு ஃபைல்கள், தண்டர்பேர்டில் பல வருட மெயில் எல்லாம் இருக்கின்றன. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வைத்திருக்கிறேன். டைம்ஷிஃப்ட் மட்டும் போதுமா? போதாதென்றால் எதை எடுப்பது? பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, சார்.

போதாது. டைம்ஷிஃப்ட், உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை இயல்பாகவே விட்டுவிடும். அப்டேட் ஒன்று சொதப்பி கணினி எழுந்திருக்க மறுத்தால், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. ஹோமையும் சேர்க்க அதில் வழி இருக்கிறது, ஆனால் சேர்க்காதீர்கள். சிஸ்டத்தை முந்தாநாள் நிலைக்குத் திருப்பினால், நேற்று நீங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கும் கூடவே முந்தாநாளுக்குப் போய்விடும். டைம்ஷிஃப்ட் அதன் வேலையைப் பார்க்கட்டும். உங்கள் ஃபைல்களுக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

எதை எடுப்பது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். லேப்டாப் போய்விட்டது, கையில் அந்த டிஸ்க் மட்டும் இருக்கிறது, வேறு யாருடைய கணினியிலோ செருகுகிறீர்கள். அப்போது என்ன தெரியும்?

பேக் இன் டைம் என்ற மென்பொருளில் எடுத்திருந்தால் தேதி வாரியாக ஃபோல்டர்கள் தெரியும். உள்ளே உங்கள் ஃபைல்கள் அப்படி அப்படியே இருக்கும். லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும் திறந்து காப்பி செய்துகொள்ளலாம், அந்த மென்பொருளே தேவையில்லை. ஒவ்வொரு தேதியிலும் எல்லா ஃபைலும் இருப்பதுபோல் தெரிந்தாலும், மாறாத ஃபைல்கள் ஹார்ட் லிங்க் மூலம், அதாவது ஒரே ஃபைலுக்குப் பல பெயர்கள் வைக்கும் முறையில், ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். அன்றன்று மாறியவை மட்டுமே புதிதாக இடம் பிடிக்கும். உள்ளே உழைப்பது, மாறியதை மட்டும் காப்பி செய்யும் ஆர்சிங்க். 1996-இல் வெளிவந்தது. இத்தனை வருடம் அடிபட்டுப் பண்பட்ட மென்பொருள்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை உண்டு.

உங்களுக்கு நான் சொல்வது பேக் இன் டைம்தான். ஆனால் முதலில் டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும். கடையிலிருந்து வரும் வெளி டிஸ்க்குகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32-இலும் ஹார்ட் லிங்க்கே கிடையாது, லினக்ஸ் பர்மிஷன்களும் ஒட்டாது. என்டிஎஃப்எஸ்ஸையும் இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ளதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவியில், லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். அங்கேயே டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் லக்ஸ் பாஸ்வேர்டு போடும் வசதியும் இருக்கிறது. டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவர் என்றால் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த மெயில். தண்டர்பேர்ட் தன் மெயிலை ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டரில் வைக்கும். ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் கண்ணில் படும். ஃபிளாட்பேக் என்ற தனித் தொகுப்பாக நிறுவியிருந்தால் இன்னும் ஆழத்தில், ‘.வார்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். டாக்குமென்ட்ஸையும் பிக்சர்ஸையும் மட்டும் டிக் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் மெயிலை இழப்பது இப்படித்தான். ஹோமை முழுசாகக் கொடுங்கள், ‘.கேஷ்’ ஃபோல்டரை மட்டும் விலக்குங்கள். அதில் பிரவுசர் குப்பைதான் அதிகம்.

டேஜா டூப் என்ற பேக்கப் மென்பொருளைப் பற்றியும் பலர் சொல்லியிருப்பார்கள். பார்க்க மிக எளிது, இரண்டு பட்டன்தான். ஆனால் அது நெடுங்காலமாக நம்பியிருக்கும் டூப்ளிசிட்டி, ஒரு முழு பேக்கப் எடுத்து அதன்மேல் வித்தியாசங்களை மட்டும் ஒவ்வொன்றாக அடுக்கும் முறை. நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பிந்தையவை சந்தேகத்துக்கு உரியவை. புதிய பதிப்புகளில் அதற்குப் பதில் ரெஸ்டிக் என்ற வேறொரு பேக்கப் மென்பொருளைப் பின்னால் வைத்து ஓட்டவும் முடியும். எளிமைதான் வேண்டும் என்றால் பிகா பேக்கப் பாருங்கள். உள்ளே போர்க் என்ற கமாண்ட் லைன் பேக்கப் மென்பொருள் இருக்கிறது, பழைய பேக்கப்பை சாதாரண ஃபோல்டர் போலத் திறந்து பார்க்கலாம். ஆனால் படிப்பதற்கு போர்க் அல்லது அதைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் வேண்டும், பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதுவும் வேண்டும்.

கேள்வி: சிறிய சர்வர் ஒன்று நடத்துகிறேன். கமாண்ட் லைன் பழக்கம்தான். போர்க்கா, ரெஸ்டிக்கா?

எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகப் போகக்கூடிய இன்னொரு லினக்ஸ் கணினி, அதிலும் போர்க் நிறுவ முடியும் என்றால் போர்க். எஸ்3 வகை கிளவுடு சேமிப்பு, எஸ்எஃப்டிபி வழியாக ஃபைல் ஏற்றும் இடம், ஆர்குளோன் என்ற கருவி தொடும் மற்ற கிளவுடுகள் என்றால் ரெஸ்டிக். விண்டோஸ் கணினி ஒன்றும் கூட்டத்தில் இருந்தால் அப்போதும் ரெஸ்டிக்தான். ‘கோ’ என்ற நிரல் மொழியில் எழுதிய ஒற்றை ஃபைல், எங்கே வைத்தாலும் ஓடும்.

மற்றபடி இரண்டும் பங்காளிகள். ஃபைலைத் துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி சேமிக்காமல் விடும். பெரிய வீடியோ ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் அதைத் திரும்ப அனுப்பாது. ரெஸ்டிக்கில் என்கிரிப்ஷன், அதாவது தரவைப் பூட்டிவைப்பது, இயல்பாகவே உண்டு. தரவைச் சுருக்கும் கம்ப்ரஷன் 2022-இல் வந்த 0.14 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் தொடங்கிய ரெப்பாசிட்டரி (பேக்கப் சேரும் கிடங்கு) வைத்திருந்தால், அதைப் புதிய வடிவுக்கு மைக்ரேட் செய்யாதவரை பயன் இல்லை. 2015-இல் ஆட்டிக் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த போர்க்கில் கம்ப்ரஷன் முன்பே இருந்தது. நான் என் சொந்த வேலைக்கு போர்க் வைத்திருப்பது பழக்கத்தால். இன்று புதிதாகத் தொடங்கினால் ரெஸ்டிக் பக்கம் சாய்ந்திருப்பேனோ என்னவோ.

போர்க்கில் பூட்டைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘ரெப்போகீ’ என்றால் பேக்கப்போடு சேர்ந்தே இருக்கும். ‘கீஃபைல்’ என்றால் உங்கள் கணினியில் மட்டும் இருக்கும். கணினி எரிந்தால் சாவியும் சேர்ந்து எரியும், பாஸ்வேர்டு நினைவிருந்தும் பயனில்லை. ‘போர்க் கீ எக்ஸ்போர்ட்’ கொடுத்து, ஒரு பிரதியைக் காகிதத்தில் அச்சடித்து வேறிடத்தில் வையுங்கள். காகிதத்துக்கென்றே தனி ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள்.

பழையதை அழித்தும் இடம் குறையவில்லை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். போர்க் 1.2-இலிருந்து ‘ப்ரூன்’ செய்தபின் ‘காம்பேக்ட்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். ரெஸ்டிக்கில் ‘ஃபர்கெட்’ மட்டும் போதாது, கூடவே ‘ப்ரூன்’ வேண்டும்.

சர்வரில் டேட்டாபேஸ் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை அப்படியே காப்பி செய்யாதீர்கள். முதலில் ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ அல்லது ‘பிஜிடம்ப்’ கொண்டு டேட்டாபேஸைத் தனி ஃபைலாக (டம்ப்) எழுதவையுங்கள், பிறகு அந்த டம்ப்பை பேக்கப் செய்யுங்கள். இன்னொன்று, சர்வருக்குள் நுழைந்த திருடன் அங்கிருந்தே பேக்கப்பையும் அழிக்க முடியும். மறுமுனையில், புதியதைச் சேர்க்க மட்டும் விடும் ‘அப்பெண்ட் ஒன்லி’ போட்டுவைத்தால் பழையதைச் சுத்தமாகத் துடைப்பது அவனுக்குக் கஷ்டம்.

கேள்வி: கணினிகளுக்கிடையே ஃபைல்களை ஒரே மாதிரி வைக்கும் சிங்க்திங் மூலம் எல்லாம் இரண்டு கணினிகளில் இருக்கிறது. தனியாக பேக்கப் எதற்கு?

ஒன்றில் அழித்தால் இன்னொன்றிலும் அழியும், அதற்குத்தான். சிங்க்திங்கில் பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் வசதி உண்டு, ஆனால் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் லினக்ஸும் விண்டோஸும் கலந்து பதினைந்து கணினிகள். பாகுலா என்ற பேக்கப் மென்பொருளை நிறுவச் சொல்கிறார்கள். சரியா?

பாகுலா பெரிய இடத்துக்கானது. டைரக்டர், ஸ்டோரேஜ் டீமன், ஒவ்வொரு கணினியிலும் ஃபைல் டீமன் (டீமன் என்றால் பின்னணியில் ஓடும் நிரல்), இவற்றோடு கேட்டலாகுக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பல பாகங்கள். டேப் டிரைவ் இருந்து, இதைப் பார்த்துக்கொள்ளவே ஒருவர் சம்பளம் வாங்கினால் சரி. அதிலிருந்து பிரிந்த பேரியோஸும் அப்படியே. பதினைந்து கணினிகளுக்கு பேக்கப்பிசி அல்லது அர்பேக்கப் போதும். பேக்கப்பிசி மத்தியில் ஒரு சர்வரில் உட்கார்ந்து, ஆர்சிங்க் அல்லது விண்டோஸ் ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி வழியாக மற்றக் கணினிகளிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். ஒரே ஃபைல் பத்துப் பேரிடம் இருந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கும். பிரவுசரில் திறந்து, எந்தக் கணினி எத்தனை நாளாக வரவில்லை என்று ஒரே பார்வையில் பார்க்கலாம். அலுவலகத்தில் எனக்கு இதுதான் முக்கியம். யாரோ ஒருவர் லேப்டாப்பை மூடிவைத்து ஊருக்குப் போயிருப்பார், யாருக்கும் தெரியாது.

கேள்வி: குளோன்ஸில்லா கொண்டு வாரம் ஒருமுறை முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி (இமேஜ்) எடுக்கிறேன். இது ஒன்றே போதாதா?

டிஸ்க் மாற்றும்போதும், பெரிய அப்கிரேடுக்கு முந்தைய இரவிலும் குளோன்ஸில்லாவை விட்டால் ஆளில்லை. வாராந்தர பேக்கப்புக்குச் சலிப்பான வழி. கணினியை நிறுத்தி பென்டிரைவிலிருந்து ஏற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் முழுசாக எடுக்கும், ஒரே ஒரு ஃபைல் வேண்டுமென்றால் சுற்றி வளைக்க வேண்டும். இயல்பான அமைப்பில், திருப்பி ஏற்றும் டிஸ்க் பழையதைவிடச் சிறிதாகவும் இருக்கக் கூடாது.

கேள்வி: பேக்கப் சரியாக எடுக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திரும்ப எடுத்துப் பார்த்துத்தான். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். அவர்களிடம் பல வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. போய்ப் பார்த்தால், தினசரி டம்ப் ஓடவே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, டம்ப் எடுக்க முயன்ற கருவியோ 9.2. அது பிழை காட்டி நின்றுவிட்டது. பிழையைச் சொல்ல வேண்டிய மெயில்களும் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் போகவில்லை. தற்செயலாகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேர நிலையின் பதிவு, இருந்ததால் தப்பினார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அதற்குப் பாராட்ட வேண்டும்.

அவர்களுக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்! மாதம் ஒருமுறை ஏதாவதொரு ஃபைலை, குறிப்பாகப் பழைய ஃபைலை, வேறொரு ஃபோல்டரில் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். ரெஸ்டிக்கில் ‘செக்’ கட்டளையோடு ‘ரீட் டேட்டா சப்செட்’ என்ற ஆப்ஷன் கொடுத்தால், தரவில் ஒரு பகுதியை உண்மையிலேயே படித்துச் சரிபார்க்கும். போர்க்கில் ‘செக்’ உடன் ‘வெரிஃபை டேட்டா’. வெறும் ‘செக்’ எல்லாத் தரவையும் முழுமையாகச் சரிபார்ப்பதில்லை. தானாக ஓட வைப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் இரவு இரண்டு மணி என்று போட்டு, லேப்டாப் அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு பேக்கப் இல்லை. அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்பதை ‘ட்ரூ’ என்று வைத்தால், விட்டுப்போனதைக் கணினி மறுபடி இயங்கியதும் செய்யும்.

கேள்வி: லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம் பயன்படுத்துகிறேன். லினக்ஸ்காரர்களுக்கு மட்டும்தானா பதில்?

கோபம் வேண்டாம். டைம்ஷிஃப்ட் உங்களுக்கு இல்லை, உங்கள் டிஸ்க் ஜெட்எஃப்எஸ் வடிவில் இருந்தால் அது தேவையும் இல்லை. ஸ்னாப்ஷாட் எடுங்கள், பிறகு ‘சென்ட்’ கட்டளையால் வேறு டிஸ்க்கிலுள்ள பூலுக்கு (ஜெட்எஃப்எஸ் சேமிப்பிடம்) அனுப்புங்கள். அடுத்த முறை வித்தியாசம் மட்டும் போகும். அதே டிஸ்க்கில் ஸ்னாப்ஷாட்டை விட்டுவைத்தால், டிஸ்க் போகும்போது அதுவும் போகும். போர்க்கும் ரெஸ்டிக்கும் ஃப்ரீபிஎஸ்டியின் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸிலேயே கிடைக்கின்றன. மேலே அந்த சர்வர்காரருக்குச் சொன்னதை உங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.