எந்த லினக்ஸ்? முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

கேள்வி: உசிலம்பட்டியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். நான்காம் தலைமுறை ஐ3 கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, 11 இதில் ஏறாது, புதிது வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் செய்பவர். மகன் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போடச் சொல்கிறான். எந்த லினக்ஸ் என்று கேட்டால் பத்துப் பெயர் சொல்கிறான். பாமினி எழுத்துருவில்தான் டைப் செய்கிறேன். பிரிண்டர் கேனான் எல்பிபி 2900. எதைப் போடலாம்?

பதில்: மகன் சொன்ன பத்துப் பெயரையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். லினக்ஸுக்கு மாறி ஒரே மாதத்தில் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிண்டர் ஓடவில்லை, பழைய ஃபைல் சரியாகத் திறக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருந்தது. வேறு லினக்ஸ் போட்டிருந்தாலும் அவர்கள் திரும்பித்தான் வந்திருப்பார்கள். அதனால் உங்கள் கடை வேலையிலிருந்தே தொடங்குவோம்.

சர்வீஸ் செய்பவர் சொன்ன தகவல் சரி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த விதி. ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லையே! லெட்டர் அடிக்கவும், ஆன்லைன் விண்ணப்பம் போடவும், பிரிண்ட் எடுக்கவும் அது இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் தனிநபர்களுக்கான பாதுகாப்பு நீட்டிப்பில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். நிதானமாகவே மாறலாம்.

பாமினி பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிய எழுத்துரு. 'தமிழ்' என்று அடித்துவிட்டு ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் நிற்கும். அதனால் லினக்ஸில் இதற்குத் தனி கீபோர்டு மென்பொருள் எதுவும் தேவையில்லை. எழுத்துரு ஃபைலைக் கொண்டுபோய் நிறுவினால் போதும், உங்கள் விரல் பழக்கம் அப்படியே செல்லும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஒரு நண்பரின் கடையில் எம்எஸ் ஆபீஸுக்கு மாற்றான லிப்ரெ ஆபீஸ் போட்டுக் கொடுத்த அன்று, வரியின் தொடக்கத்தில் 'அம்மா' என்று அடித்தால் 'ஆம்மா' என்றே வந்துகொண்டிருந்தது. எங்கே தவறு என்று பிடிபட அரைமணி நேரம் ஆனது. பாமினியில் சின்ன 'எம்' அ, பெரிய 'எம்' ஆ. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி அ-வை ஆ ஆக்கிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக டூல்ஸ் மெனுவில் அதை அணைத்துவிடுங்கள். பின்னால் யூனிகோடுக்கு மாற நினைத்தாலும் பழைய டைப்ரைட்டர் முறை, தமிழ்99 ஆகிய கீபோர்டு முறைகள் இரண்டும் ஐபஸ் எம்17என் என்ற இலவசத் தொகுப்பில் இருக்கின்றன.

பேஜ்மேக்கரில் செய்த பத்திரிகை, நோட்டீஸ் இருந்தால் லிப்ரெ ஆபீஸ் டிரா அவற்றைத் திறக்கும். ஆனால் வரி, இடைவெளி அங்கங்கே நகரலாம். முக்கியமானவற்றை இப்போதே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். போட்டோஷாப் வராது. பாஸ்போர்ட் போட்டோ வேலைக்கு கிம்ப் என்ற மென்பொருள் போதும், கை பழக ஒரு வாரம் ஆகும்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் பிரிண்டர்தான். எல்பிபி 2900 உழைப்பில் குதிரை. ஆனால் அது கேப்ட் என்ற கேனானின் தனி மொழியில் பேசுகிறது. லினக்ஸுக்கான டிரைவர் உண்டு என்றாலும், செருகியதும் தானாக வந்து உட்காராது. டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் சில கட்டளைகள் அடித்துத்தான் அமைக்க வேண்டும். அது ஓடுகிறதா என்று பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். திரையில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் தொடாதவரை அது ஹார்டு டிஸ்க்கில் தன்னை நிறுவிக்கொள்ளாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை உட்கார வைத்து டிரைவரைப் போடச் சொல்லுங்கள். பாமினியில் ஒரு லெட்டர் அடித்து, பிரிண்ட் எடுத்து, ஸ்கேனரையும் ஓட்டிப் பாருங்கள். ஆதார் கைரேகைக் கருவி வைத்திருந்தால் அதையும் செருகிப் பாருங்கள். ஓடாவிட்டால் அந்த ஒரு வேலைக்கு விண்டோஸ் இருந்தாக வேண்டும்.

இப்போது பெயருக்கு வருவோம். லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை கொண்ட பதிப்பு. கீழே பட்டி, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது; 4 ஜிபி ரேமிலும் ஓடும். உபுண்டு என்ற லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. உபுண்டுவையே போடலாமே என்று மகன் கேட்பான். அதன் க்னோம் என்ற திரை அமைப்புக்கு இந்த ரேம் இறுக்கம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் ஒரு பதிப்புக்கு ஆயுள் சுமார் 13 மாதம்தான். கடைக்காரருக்கு அடிக்கடி பதிப்பு மாற்ற நேரம் ஏது? டெபியன் உறுதியானது, எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் முதல் லினக்ஸாக மின்ட்தான் எளிது. ஆர்ச் லினக்ஸை மகன் தன் லேப்டாப்பில் போட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.

புதுக் கம்ப்யூட்டருக்கு வைத்த பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) ஒன்று வாங்குங்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதைக் கழற்றி, விண்டோஸும் ஃபைல்களும் அப்படியே இருக்க, பீரோவில் வைத்துவிடுங்கள். மின்டைப் புது எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் பங்கு போடும் தலைவலி இல்லை. ஏதாவது ஒத்துவராவிட்டால் பழையதைத் திரும்ப மாட்ட பத்து நிமிடம். பழைய ஃபைல் வேண்டும்போது யுஎஸ்பி கேஸில் போட்டுச் செருகினால் மின்ட் அதைப் படித்துவிடும்.

ஜூன் மாதப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக் கூட்டத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் குறைந்த ஒரு மாதத்தில் தொடங்கினால், வாடிக்கையாளர் காத்து நிற்காமல் நிதானமாகக் கை பழகும்.