அழுகையை அடக்கினால் பாடம் ஏன் நிற்பதில்லை?

வணக்கம். நெடுநாள் படுக்கையில் கிடந்த என் அம்மா காலமாகி, அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அம்மம்மாவின் கைக்குள் வளர்ந்த என் மகள் ஒரு துளி கண்ணீர் விடவில்லை. உயர்தர உயிரியல் ரியூசனுக்கு ஒழுங்காகப் போகிறாள். என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டால் ‘ஒன்றும் ஞாபகமில்லை’ என்கிறாள். தைரியமான பிள்ளை என்று சொந்தக்காரர் மெச்சுகிறார்கள். எனக்கோ பயமாக இருக்கிறது.

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மெச்சுதலை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். துக்கமும் தூக்கக் குறைவுமே கவனத்தைக் கலைக்கும். அதற்கு மேல், முகத்தில் எதுவும் தெரியாமல் காப்பதும் ஒரு வேலை. உதடு துடிக்கிறதா, கண் கலங்குகிறதா என்று வகுப்பு முழுவதும் தன்னையே கண்காணிக்கிற பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வதைப் பதிய மனதில் இடம் போதாது. உளவியலாளர்கள் ஜேன் ரிச்சர்ட்ஸும் ஜேம்ஸ் குரொஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வுகளில், உணர்ச்சியை வெளிக்காட்டாதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த நேரத்தில் காதில் விழுந்த விவரங்கள் குறைவாகவே நினைவில் நின்றன. உயிரியலில் நழுவுவதும் அதுதான்: வாயால் சொல்லப்படும் பெயர்கள், படிமுறைகள்.

இத்தனை பாடுபட்டும் துக்கம் குறைவதில்லை. அதே குரொஸும் உளவியலாளர் ரொபர்ட் லெவன்சனும் 1997இல் சோகப் படம் காட்டிச் செய்த ஆய்வில், முகத்தை அடக்கியவர்களின் உள்ளத் துயரம் அப்படியே இருந்தது; இதயமும் இரத்தக் குழாய்களும்தான் கூடுதலாக உழைத்தன.

நினைவைக் கெடுக்காத வழி, துக்கம் பொங்குவதற்கு முன்பே நடந்ததை வேறு கோணத்தில் பார்ப்பது. ‘அம்மம்மா இல்லாமல் என்ன செய்வேன்’ என்பதை ‘அம்மம்மா பட்ட வேதனை முடிந்தது’ என்று அவளே மாற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்தால் அது ‘அழாதே’ என்ற கட்டளையாகவே அவள் காதில் விழும். பல வீடுகளில் இந்த முறை கெட்டுப்போவது இங்கேதான். வகுப்புக்கு முன் ஒரு 15 நிமிடம், எழுத்துப்பிழை பாராமல், மனதில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டும்படி கேட்காதீர்கள்.

துக்கம் உச்சத்தில் இருக்கும்போது கோணம் மாற்றுவது கைகூடாது. அப்போது கவனத்தைத் திருப்புவதே நல்லது: முகம் கழுவட்டும், மரைன் டிரைவில் ஒரு நடை போய் வரட்டும். வகுப்புக்குள் கவனத்தைத் திருப்பினால் பாடமும் சேர்ந்து போய்விடும். அங்கே அழுகை வந்தால் எழுந்து வெளியே போக அனுமதி உண்டு என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த அனுமதியே கண்காணிப்பைத் தளர்த்தும்.

‘ஏன் இப்படி நடந்தது’ என்று அவள் நாள் முழுவதும் அசைபோடுகிறாளா என்றும் பாருங்கள். அது துயரத்தை நீட்டிக்கும். பொதுவான ‘ஏன்’களை விட்டு, ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள்: அம்மம்மாவோடு கோயிலுக்குப் போன ஒரு நாள், அன்று என்ன நடந்தது என்று. அவள் அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தாலோ, வாழ விருப்பமில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தவறிய பாடங்களை ‘யோசித்துப் பார், வரும்’ என்று வற்புறுத்தாதீர்கள். சரியாகப் பதியாதது யோசித்தால் வராது. தோழியின் குறிப்பை வாங்கி, ஒரு நாளைக்கு ஒரு சிறு பகுதி என்று புதிதாகப் படித்து, மறுநாள் கொப்பியைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும்.