கவுன்டர் எண் 3: நாலு தவணை வரை தவறலாம்

(சிவகாசியில் 34 வருஷம் அஞ்சலகக் கவுன்டரில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த வாரம் புத்தாண்டுத் தீர்மானங்கள்.)

ஐயா, வருஷா வருஷம் ஜனவரி 1 அன்று காலையில் நடக்க ஆரம்பிக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாலு நாள் விட்டுப்போகிறது. திரும்பி வந்த பிறகு ஷூவைத் தொடவே மனசு வருவதில்லை. எனக்கு மனவுறுதியே கிடையாதா?
*வாசகி, திண்டுக்கல்*

பனியில் ஐந்தரை மணிக்கு எழுந்து பன்னிரண்டு நாள் நடந்திருக்கிறீர்கள் தங்கச்சி, மனவுறுதி இல்லாமலா? உங்களிடம் இல்லாதது விதிமுறை. ஆர்.டி. கணக்கை வைத்துச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

அஞ்சலக ஆர்.டி. என்பது அறுபது மாதத் தவணைச் சேமிப்பு. மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம். ஜனவரி பிறந்தால் புதுக் கணக்குத் தொடங்கப் பெரிய வரிசை நிற்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற அக்கா, அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிற தம்பி, எல்லாரும் சனிக்கிழமைச் சம்பளக்காரர்கள். மார்ச், ஏப்ரலில் அதே முகங்கள் மறுபடி வரும். பாஸ்புக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி, "சார், ரெண்டு மாசம் விட்டுப்போச்சு. முடிச்சுக் குடுத்துருங்க" என்பார்கள்.

முடிக்க வேண்டியதே இல்லை. நூறு ரூபாய்த் தவணைக்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், அவ்வளவுதான். நாலு தவணை தவறினால்தான் கணக்கு நின்றுபோகும். அதன் பிறகும் இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். நாலுக்கு மிகாமல் தவறியிருந்தால், தவறிய மாதங்களைக் கடைசியில் நீட்டிக் கட்டிக்கொள்ளவும் வழி உண்டு. இதைச் சொன்னதும் அந்த அக்காமார் முகத்தில் வருகிற வெளிச்சத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அபராதமாவது பரவாயில்லை, வெட்கம்தான் கணக்கை மூட வைக்கிறது.

அந்த விதியை எழுதிய அதிகாரி யாரோ, மனுஷனைத் தெரிந்தவர். ஆள் தவறத்தான் செய்வான் என்று முதலிலேயே முடிவு கட்டி, அதற்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டார். நீங்களும் அப்படி எழுதி வையுங்கள். பொங்கலுக்கு நாலு நாள், கொழுந்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள், காய்ச்சலுக்கு ஒரு வாரம். திரும்பி வந்ததும் விட்டதையெல்லாம் ஒரே நாளில் நடந்து தீர்க்கப் பார்க்காதீர்கள், முழங்கால் வீங்கும். அன்றைய தவணையை மட்டும் நடங்கள். அபராதமாகத் தெருக்கோடி வரை கூடுதலாகப் போய் வாருங்கள். இப்படி ஓட்டினால் அடுத்த ஜனவரியில் புதுத் தீர்மானமே தேவைப்படாது. பழைய கணக்கு ஓடிக்கொண்டிருக்குமே!

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
*வாசகர், ஈரோடு*

அந்த 21 வந்த வழி வேறு. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து மதிப்பீடாகப் போட்ட கணக்கில், நடுவாக 66 நாள் வந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. எனக்குப் பிடித்தது அதிலேயே இன்னொரு முடிவு: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய சேதமில்லையாம். பார்த்தீர்களா, லண்டனிலும் ஆர்.டி. விதிதான்.

தீர்மானத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்ற பயத்திலாவது செய்வோம் என்கிறாள் என் மகள். சரியா?
*வாசகி, மதுரை*

நாலு பேருக்குத் தெரிவதும் ஒருவருக்கும் தெரியாததும் ஒன்று. கட்டைவிரல் படம் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அஞ்சலகத்தில் ஆர்.டி. வசூலுக்கென்று மகளிர் முகவர்கள் உண்டு, ஊரில் "ஏஜென்ட் அக்கா" என்பார்கள். எங்கள் பக்கத்து ஏஜென்ட் அக்கா ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம், சம்பளக் கவர் கையில் இருக்கும்போதே வாசலில் வந்து நிற்பார். திட்ட மாட்டார். "என்னம்மா, இந்த வாரம் எவ்வளவு முடியும்?" என்பார். ஐம்பது கொடுத்தாலும் நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் கையில் இருந்த கணக்குகள் முடிவு வரை போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். உங்கள் மகளுக்கு அப்படி வாசலில் வந்து நிற்க ஓர் ஆள் போதும். அது நீங்களாக இருக்க வேண்டாம். அம்மா கேட்டால் அது வசூல் ஆகாது, வசவு ஆகிவிடும்.

இந்த வருஷத் தீர்மானம் ஒன்பது எழுதியிருக்கிறேன். குரூப் 4 பாஸ் பண்ணுவது, ஸ்போக்கன் இங்கிலீஷ், ஜிம், செல்போன் குறைப்பது... எப்படிப் பிரித்துக்கொள்வது?
*வாசகர், தென்காசி*

எட்டை அடித்துவிடுங்கள் தம்பி. மிச்சமுள்ள குரூப் 4-ஐயும் "பாஸ்" என்று எழுதாதீர்கள், அது தேர்வாணையத்தின் கையில் இருக்கிறது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் தமிழ் 100 கேள்வி. 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழிலிருந்து தொடங்குங்கள். ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பழைய வினாத்தாளில் இருபது தமிழ்க் கேள்வி. ஒன்பது மணிக்கு என்று வைக்காதீர்கள், ஒன்பது மணிக்குக் கரன்ட் போகும், மாமா வருவார். தட்டு எப்படியும் கழுவித்தானே ஆக வேண்டும்?

காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் முதல் வேலை, தேதி முத்திரையில் தேதியை மாற்றி, அதற்கென்று உள்ள நோட்டில் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பது. 34 வருஷத்தில் அதற்காக ஒரு நாளும் நான் சபதம் எடுத்ததில்லை. நாற்காலியே ஞாபகப்படுத்திவிடும்.

தமிழனுக்கு ஜனவரி 1-ல் என்ன தீர்மானம்? நமக்குப் புத்தாண்டு தையா, சித்திரையா?
*வாசகர், தஞ்சாவூர்*

தை முதல் நாள் என்று 2008-ல் சட்டம் போட்டார்கள், 2011-ல் அதை ரத்து செய்து சித்திரைக்கே திரும்பினார்கள். எங்கள் ஊரில் இரண்டும் இல்லை. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள், சிவகாசிக்கு அன்றே புது வருஷம். ஜனவரியில் தவறியவருக்குத் தை, தையில் தவறியவருக்குச் சித்திரை, அப்புறம் ஆடி. இன்னும் என்ன வேண்டும்?

கடையில் கொடுக்கும் டைரியில் ஜனவரி ஐந்து வரை எழுதுகிறேன். பிறகு பால் கணக்குதான்.
*வாசகி, விழுப்புரம்*

பால் கணக்கும் டைரிதான் அம்மா. உங்களுக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கினார், ஜனவரி 1 அன்று அல்ல. கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் துய்ப்ளெக்ஸ் சொன்னது என்று 1761 வரை எழுதிக்கொண்டு போனார். இன்று கிடைக்கும் அந்த நாட்குறிப்பில் நடுநடுவே பல நாட்கள் இல்லை. அதனால் யாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பால் விலையோடு அன்றைக்கு வீட்டுக்கு யார் வந்தார் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் தீர்மானம் என்ன?
*வாசகர், விருதுநகர்*

மூக்குப்பொடி. போன வருஷம் ஆடியில் கணக்குத் தொடங்கினேன். கார்த்திகையில் இரண்டு தவணை தவறிவிட்டது. ஒரு சிட்டிகைக்குப் பத்து ரூபாய் என்று வீட்டம்மாவின் கடுகு டப்பாவில் அபராதம் கட்டியாயிற்று. ரசீது கேட்டால் முறைக்கிறார்.