எடைமேடைச் சேவை 1069 பிழையோடு நிற்பது பற்றி

உங்கள் எடைமேடைச் சேவை, அதாவது லோரி எடை மென்பொருளின் பின்னணியில் ஓடும் பகுதி, திங்கட்கிழமை 1069 பிழையோடு (நுழைவு தோல்வி) நின்றுவிட்டதாகக் கேட்டிருந்தீர்கள். அது இன்னும் பழைய கடவுச்சொல்லோடுதான் நுழையப் பார்க்கிறது. விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில் அதன் பண்புகளைத் திறந்து, 'லாக் ஆன்' பகுதியில் புதியதைத் தட்டிவிட்டுத் தொடங்குங்கள். செம்பனை லோரிகள் வாசலில் வரிசை கட்டும் நேரத்தில் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டாம்.

வெள்ளிக்கிழமை, அந்தச் சேவை ஓடும் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சேவைக்கு அது தெரியாது. சர்வர் மறுபடி தொடங்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

விண்டோஸ் நிகழ்வுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைப் பாருங்கள். நிகழ்வு எண் 7038 இருந்தால் பெரும்பாலும் கடவுச்சொல்தான். 7041 என்றால் கதை வேறு: அந்தக் கணக்குக்குச் சேவையாக நுழையும் உரிமையே இல்லை.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட அலுவலகங்களிலும் பார்க்கிறேன், கிராணியின் கணினி முதல் சர்வர் வரை எல்லாச் சேவையும் ஒரே டொமைன் (கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் வலையமைப்பு) நிர்வாகிக் கணக்கில் ஓடுகிறது. சேவையின் கடவுச்சொல் ஒவ்வொரு கணினியிலும் சேமிக்கப்படுகிறது. அங்கே நிர்வாகி உரிமை பெற்ற எவனும் அதைத் தோண்டியெடுக்கலாம். எடைமேடைக்கென்று குறைந்த உரிமையுள்ள தனிக் கணக்கு வையுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல் வந்த ஜிஎம்எஸ்ஏ (gMSA, சேவைகளுக்கென்றே டொமைன் நிர்வகிக்கும் கணக்கு) இன்னும் நல்லது. வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல் தானே மாறிவிடும்.

ஆனால் டொமைன் இல்லாமல் ஜிஎம்எஸ்ஏ இயங்காது. எடைமேடை மென்பொருள் அதை ஏற்குமா என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள்.