பூட்டானின் போப்ஜிகா பள்ளத்தாக்கில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தது ஏன்?

கொக்குகளுக்காகத்தான். அக்டோபர் கடைசியில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் இங்கே வலசை வந்து, பிப்ரவரி, மார்ச் வரை தங்கும். நம் வயல்களில் நிற்கும் வெள்ளைக் கொக்கு வேறு குடும்பம். இவை ஆளின் நெஞ்சுயரம் இருக்கும், மரத்தில் அடையாது.

பிறகு எங்கே தூங்கும்? சதுப்பு நிலத்தில், ஆழமில்லாத தண்ணீரில், கூட்டமாக நின்றபடியே. இருட்டில் நரி நெருங்கினால் தண்ணீர் சலசலக்கும். அந்தச் சத்தம்தான் அவற்றுக்குக் காவல். அந்தத் தண்ணீரை வடித்து உருளைக்கிழங்கு போட்டுவிட்டால் ராத்தங்க இடமே இருக்காது. அதனால் கொக்கை மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது, ஈரநிலத்தையும் சேர்த்தே காக்க வேண்டும்.

மின்கம்பி இன்னொரு ஆபத்து. கனத்த உடல், அகன்ற இறக்கை. பறக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது. விடியல் மூடுபனியில் மெல்லிய கம்பி கண்ணுக்கும் தெரியாது. மோதினால் இறக்கை முறியும், அதோடு வலசையும் முடிந்தது. பள்ளத்தாக்குக்கு மின்சாரம் வந்தபோது, செலவு கூடினாலும் கம்பிகளை மண்ணுக்குள் கொண்டுபோனார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

1998 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று காங்தே மடாலய முற்றத்தில் கொக்குத் திருவிழா நடக்கிறது; பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடமிட்டு ஆடுகிறார்கள். 2016இல் இந்தச் சதுப்பு நிலம் முக்கிய ஈரநிலங்களுக்கான பன்னாட்டுப் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.