குட்டியின் தொப்புள் வீக்கத்துக்கு ரப்பர் வளையம் போடலாமா?

கேள்வி: நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் மட்டக்குதிரை வைத்திருக்கிறோம். மூன்று மாதப் பெண் குட்டிக்குத் தொப்புளில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். அமுக்கினால் உள்ளே போய்விடுகிறது. கன்றுகளுக்குப் போடும் ரப்பர் வளையத்தைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாகப் போடாதீர்கள். தொப்புள்கொடி அறுந்தபின் வயிற்றுச் சுவரில் மூடாமல் நிற்கும் ஓட்டை வழியாகத்தான் அந்த வீக்கம் ஒரு பையாக இறங்குகிறது. பைக்குள் குடல் இருக்கும்போது வளையம் இறுகினால் குடல் அழுகிவிடும். வைத்தியர்கூட மயக்கம் கொடுத்து, குட்டியை மல்லாத்திப் போட்டு, பை வெறுமையாக இருப்பதை உறுதிசெய்துதான் போடுவார். அப்போதும் ஆபத்து முற்றாகப் போவதில்லை.

ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, வீக்கத்தை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கெட்டியான வளையம் கைக்குத் தட்டுப்படும். இரண்டு மூன்று விரல் மட்டும் நுழைகிறதென்றால், ஒரு வயதுக்குள் தானாக மூடிக்கொள்ள நல்ல வாய்ப்புண்டு. தினமும் இப்படித் தள்ளிவிடுங்கள். ஓட்டை சிறுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிதென்றாலோ, ஆறு மாதமாகியும் சிறுக்கவில்லை என்றாலோ சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டும். பேராதனை மிருக வைத்திய பீடத்தில் விசாரியுங்கள்.

தினமும் கை வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நேற்றுவரை உள்ளே போன வீக்கம் இன்று போகவில்லை, கல் மாதிரி இறுகி, சுடுகிறது, தொட்டால் குட்டி உதைக்கிறது என்றால் குடல் மாட்டிக்கொண்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பால் குடிக்காது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், விழுந்து புரளும். ஆனால் குடற்சுவரின் ஒரு பக்கம் மட்டும் மாட்டினால், பாதை அடைபடாததால் இந்த வயிற்றுவலி தெரியாமலே இருக்கலாம். சாணமும் வரும். உள்ளே குடற்சுவர் செத்து, கடைசியில் தொப்புள் வழியாகவே கழிவு ஒழுகும். ஆகவே குட்டி துள்ளி விளையாடுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வீக்கத்தைத்தான் நம்ப வேண்டும். அன்று பலவந்தமாகத் தள்ளவும் கூடாது. றம்பொடை வளைவுகளில் லொறி இறங்கிப் பேராதனை போய்ச்சேரவே சில மணித்தியாலம் பிடிக்கும், குடல் அவ்வளவு நேரம் தாங்குவதே பெரிய காரியம். உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள், லொறிக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.

தொப்புள் ஈரமாகவோ சீழாகவோ இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இந்தக் குறை பரம்பரையாகவும் வரக்கூடியது. நாளைக்கு இவளைக் குட்டி ஈன விட நினைத்தால், முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.